‘இல்லை’ சொல்லக் கற்றுக்கொடுத்த மூன்று வாரம்

சுவிட்சர்லாந்தில் மூன்று வாரம் இருந்தேன். பனிமலை எதிலும் ஏறவில்லை, ஏரியில் படகு போகவில்லை. கோயமுத்தூர் திரும்பியதும் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இந்த இரண்டைப் பற்றித்தான் கேட்டார்கள். நான் பார்த்ததெல்லாம் ஒரு தொழிற்சாலை, ஒரு சமையலறை, அந்தச் சமையலறை மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு வியட்நாம் பெண். அவளைப் பற்றிக் கேட்க இங்கே யாருக்கும் தோன்ற நியாயமில்லை. நானாகச் சொல்லவும் இத்தனை நாள் வாய் வரவில்லை.

எங்கள் மில்லுக்குப் புதிதாக நூற்பு இயந்திரங்கள் வாங்கியிருந்தார்கள். அவற்றைப் பூட்டவும் பழுது பார்க்கவும் ஒருவன் அங்கேயே போய்க் கற்றுக்கொண்டு வரவேண்டும். ஆங்கிலம் பேசத் தெரிந்த பிட்டர் நான் ஒருவன்தான் என்பதால் நாற்பத்தாறு வயதில் எனக்குப் பாஸ்போர்ட் எடுத்தார்கள். எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம், மனைவி பின்னிக் கொடுத்த மஃப்ளரும் ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாயுமாக பேர்ன் நகரத்தில் போய் இறங்கினேன்.

முதல் நாளே பஸ் என்னைச் சோதித்தது. தங்குவதற்கு ஏற்பாடு செய்திருந்த வீடு ஓஸ்டர்முண்டிகனில், நகரத்தை ஒட்டிய பகுதி. இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு முன்னால் மரியாதையாக நின்றேன். பஸ் நின்றது. கதவு திறக்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த நிறுத்தத்திலும் அதே கதை. நம்மூராக இருந்தால் கண்டக்டரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன், இங்கே கண்டக்டரே கிடையாது. மூன்றாவது நிறுத்தத்தில் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு கதவோரம் இருந்த பொத்தானை அமுக்கியது. கதவு உடனே திறந்தது.

“இங்கே நாம் கேட்டால்தான் திறக்கும்,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள் அந்தப் பெண். குள்ளமான உருவம், மார்போடு அணைத்த ஒரு தடிப் புத்தகம். தானும் படித்துக்கொண்டே வந்து இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டதாகச் சொன்னாள். என் கையிலிருந்த விலாசத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவளும் அதே வீட்டில்தான் வாடகைக்கு இருந்தாள்.

திரும்பி நடக்கும்போது அவள் கேட்ட முதல் கேள்வி என் வயது. பெயர் கேட்பதற்கு முன்பே வயதைக் கேட்கிறாளே என்று எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. பிறகு விளக்கினாள். அவள் அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு. அவரைவிட மூத்தவராக இருந்தால் என்னை ஒரு முறை வைத்துக் கூப்பிட வேண்டும், இளையவராக இருந்தால் வேறு முறை. முறை தெரியாமல் அவளால் பேச்சையே தொடங்க முடியாதாம். நம்முடைய பெரியப்பா சித்தப்பா கணக்கேதான். நான் சித்தப்பா ஆனேன். அவள் பெயர் லியென். மருத்துவம் படிக்கிறாள், இருபத்து நான்கு வயது.

வீட்டுக்காரி கெர்பர் அம்மாள் கணவனை இழந்தவர். இளமையில் இங்கிலாந்தில் வீட்டு வேலை பார்த்ததால் ஆங்கிலம் பேசுவார். நான் சைவம் என்றதும் நன்றாகப் புரிந்துகொண்டு அன்றைக்கே கோழி சூப் வைத்தார். கோழியைத்தான் வெளியே எடுத்துவிட்டேனே என்றார். அதன்பிறகு மூன்று வாரமும் ரொட்டி, பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கைத் துருவி வெண்ணெயில் அடை மாதிரி வார்ப்பார், அது ஒன்றுதான் எனக்கு வாய்க்கு வழங்கியது. பாலாடைக்கட்டி நாற்றத்தை நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்த அன்று அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை ஜன்னலுக்கு வெளியே வைக்கச் சொல்லிவிட்டார். வெளிவிளிம்பில் ஏற்கெனவே ஒரு பாட்டில் குளிரில் நின்றுகொண்டிருந்தது. லியெனுடைய மீன் சாறு. சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் இருவரும் மாறி மாறி ஜன்னலைத் திறந்து கையை நீட்டி எடுப்போம்.

மூன்றாம் நாள் மாலை அவளுடைய பரீட்சையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். நான் ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அவளுக்கு உடற்கூறு வாய்மொழித் தேர்வு. போன வருடம் அதில் தவறிவிட்டாள். இரண்டாம் தடவையும் தவறினால் அந்த நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவம் படிக்க முடியாது. மூன்றாம் வாய்ப்பு என்று ஒன்று இல்லை. இதைச் சொல்லும்போதும் சிரித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது, விளையாட்டுப் பிள்ளையாக இருக்கிறாளே என்று. சங்கடமோ துக்கமோ வந்தால் அவர்கள் சிரித்துத்தான் மூடுவார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஏன் மருத்துவம் என்று கேட்டேன். மேக்கோங் ஆற்றங்கரையில் மீத்தோ என்ற ஊர். அவள் அப்பா பழைய தென் வியட்நாம் ராணுவத்தில் மருந்து கொடுக்கிற வேலையில் இருந்தவர். வடக்கு வென்று ஆட்சி மாறியதும் அவரை மூன்று ஆண்டு முகாமில் வைத்தார்கள். அவர் வெளியே வந்த ஆண்டு இவள் பள்ளி முடித்தாள். மாவட்டத்திலேயே முதல் வரிசை மதிப்பெண். கல்லூரிப் பட்டியலில் பெயர் இல்லை. பக்கத்து வீட்டில் இவளைவிடக் குறைவாக வாங்கியவனுக்கு இடம் கிடைத்தது. அங்கே மதிப்பெண்ணோடு குடும்பத்தின் பழைய கதையையும் சேர்த்துப் பார்ப்பார்களாம், அப்பன் யாரிடம் வேலை பார்த்தான், பாட்டன் யாரிடம் என்று. மறு மாதம் அப்பா இவளைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டார். ஒரு குடும்பத்துக்கு ஒரு படிப்பு, அதற்கு இவள்தான் என்று முடிவு செய்திருந்தார். மலேசிய முகாமில் ஒரு வருடம் கிடந்து பதினேழு வயதில் இந்த ஊருக்கு வந்தாள்.

அப்பாவுக்கு டாக்டராக ஆசை. முடியவில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளியில் படித்த எலும்புகளின் பெயர்கள் மட்டும் இன்னும் மனப்பாடமாக இருந்தன. ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் ஒரு கேள்வி கேட்பார். மணிக்கட்டில் எத்தனை எலும்பு, முழங்கால் சில்லுக்கு என்ன பெயர். கடிதம் போய்ச்சேர இரண்டு மூன்று மாதம், உறையை அரசாங்க ஆட்கள் பிரித்துப் பார்த்து ஒட்டியிருப்பார்கள். இவள் பதில் எழுதினால் அடுத்த கடிதத்தில் ‘சரி’ என்று ஒரு வரி, பிறகு அடுத்த கேள்வி. ஏழு ஆண்டுகளாக இந்தத் தபால் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. போன வருடம் தவறியதை அப்பாவுக்கு அவள் எழுதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் ஒன்றின் மண்டபத்தில் வியட்நாம் மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிச் சமைத்தார்கள். என்னையும் அழைத்துப் போனாள். நூடுல்ஸ் சூப்பில் எனக்கு ஆகாததெல்லாம் மிதந்தது, வெறும் சோறும் பச்சிலைகளும் தின்றேன். மூத்தவராக ஒருவர் இருந்தார், நாற்பதை நெருங்குகிறவர். பழைய அரசாங்கத்தின் உதவித்தொகையில் பொறியியல் படிக்க வந்தவர். மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அவரை அனுப்பிய அரசாங்கமே இல்லாமல் போய்விட்டது. பாஸ்போர்ட்டில் இருந்த நாடும் இல்லை, பணமும் இல்லை. இப்போது ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்கள் கழுவுகிறார்.

சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன என்று லியெனிடம் கேட்டேன். வீட்டில் யாரும் கடிதத்துக்குக் காத்திருக்கவில்லை என்றால் நீ என்ன படிப்பாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். மருந்தியல் படிக்கிறவள் தையல் என்றாளாம். இன்ஜினீயரிங் பையன் ஒரு வருடம் படுத்துத் தூங்குவேன் என்றானாம். நீ என்ன சொன்னாய் என்றேன். தன் முறை வரும்போது தட்டுக் கழுவ எழுந்து போய்விட்டதாகச் சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் ஓர் இளைஞன் என் நெற்றித் திருநீற்றையும் மஃப்ளரையும் பார்த்துவிட்டு அருகே வந்தான். “நீங்கள் தமிழோ அண்ணை?” என்றான். பெயர் சிவம், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறான். அடுத்த நாளே அரிசியும் மிளகாய்த்தூளும் கொண்டுவந்து கொடுத்தான். லியெனின் கல்லூரிக் கதையை அவனுக்குச் சொன்னேன். “எங்கட கதைதான் அண்ணை. எனக்கும் மாக்ஸ் இருந்தது, இடம்தான் கிடைக்கேல்லை,” என்றான்.

இனி தொழிற்சாலைக்கு வருகிறேன். அங்கே எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தலைமை மேஸ்திரி, என் வயதுக்காரர், நல்ல மனிதர். இரண்டாம் வாரம் திங்கட்கிழமை அவர் ஓர் இயந்திரத்தின் உருளைகளுக்கு நடுவே இடைவெளி வைத்துக் காட்டினார். எங்கள் பருத்திக்கு அந்த இடைவெளி அதிகம். பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. ஆனால் இயந்திரம் செய்தவனே சொல்லும்போது நான் யார் குறுக்கே பேச? சரியா என்று கேட்டார். தலையாட்டினேன். ஓட்டிப் பார்த்தபோது நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் இளைத்தும் வந்து படபடவென்று அறுந்தது. பாதி நாள் வேலை வீண்.

முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. “நீ தலையாட்டினால் நான் அதை நம்பி அடுத்த வேலைக்குப் போவேன். இங்கே நீ எனக்குத் தருகிற மரியாதை அதுவல்ல,” என்றார். அவர் அடிக்கடி வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்ப்பாராம், பயிற்சிக்கு வந்தவன் மறுக்கிறானா என்று. எனக்குக் காது மடல் சுட்டது.

அன்று மாலை இதை லியெனிடம் வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு, போன வருடத் தேர்வில் நடந்ததைச் சொன்னாள். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வளைகிற இடத்தில் மூன்று கிளைகள் பிரியும். பேராசிரியர் ஒரு தட்டில் வைத்திருந்த இதயத்தைக் காட்டி, இங்கே நான்கு கிளைகள், இல்லையா என்றார். மூன்று என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பெரியவர் ஒருவர் பேசினால் முதலில் ‘ஆமாம் ஐயா’ என்று சொல்லி, கேட்டுக்கொண்டேன் என்று காட்டிவிட்டுத்தான் பதில் பேச வேண்டும். அப்படித்தான் அவள் வீட்டில் வளர்த்திருந்தார்கள். தலையைக் குனிந்து ஆமாம் என்றாள். அவர் உடனே குறித்துக்கொண்டார். அடுத்த கேள்விக்கும் அப்படியே. எல்லாம் தெரிந்தே தவறினாள்.

எனக்கு அப்போது வந்த உற்சாகத்தை என்ன சொல்ல. இவ்வளவுதானா, இதை நான் சரிசெய்கிறேன் என்று எழுந்து நின்றேன். காலையில்தான் பாடம் படித்தவன், மாலையில் வாத்தியாராகிவிட்டேன்.

மறுநாளிலிருந்து மாலைச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் பயிற்சி. அவள் அட்டைகளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பாள், பாதி சரியான வாக்கியம், பாதி தப்பு. நான் பேராசிரியராக உட்கார்ந்து கடுமையான குரலில் வாசிப்பேன். எனக்கு உடற்கூறு ஒரு மண்ணும் தெரியாது. முதல் நாள் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். இதயம் வலப்பக்கம் இருக்கிறது என்றேன், ஆமாம் சித்தப்பா. மனிதனுக்கு மூன்று காது, ஆமாம். நான் இந்த ஊரிலேயே பெரிய அழகன் என்றேன், அதற்கும் ஆமாம் என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அடுப்படியில் நின்ற கெர்பர் அம்மாள்தான் சத்தமாக இல்லை என்றார்.

இரண்டு விதிகள் வகுத்துக் கொடுத்தேன். தலையைக் குனியாதே, அவர் கண்ணைப் பார், கண்ணை எடுக்காதே. இது ஒன்று. அவர் உறுதியாகத் தெரியுமா, மறுபடி யோசி என்பார், அதுவும் சோதனைதான், சொன்னதை மாற்றாதே. இது இரண்டாவது. நான்கு கிளைகள் என்கிற அட்டையை ஒவ்வொரு நாளும் கடைசியில் வாசிப்பேன். அவள் என் கண்ணைப் பார்த்து, “இல்லை, மூன்று,” என்பாள். உறுதியாகவா என்று மேசையைத் தட்டுவேன். “இல்லை, மூன்று.” குரல் நடுங்குவது நாளுக்கு நாள் குறைந்தது. ஒன்பதாம் நாள் அவள் சொன்ன வேகத்தில் நானே ஒரு கணம் பின்வாங்கினேன். கைதட்டினேன்.

சிவம் ஒருநாள் வந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே போகும்போது தன் விசாரணையைப் பற்றிச் சொன்னான். “கொழும்பிலை நீர் பயமில்லாமல் இருக்கலாம்தானே எண்டு அதிகாரி கேட்டவர். நான் ஓம் எண்டிட்டன். கேட்டது விளங்கினது எண்டுதான் ஓம் எண்டனான். அதை அப்பிடியே எழுதிப்போட்டினம்.” முடிவுக் கடிதம் எந்த நாளும் வரலாம் என்று அவனுக்குத் தபால்காரனைக் கண்டாலே பயம். “பிள்ளைக்கு நல்லாச் சொல்லிக் குடுங்கோ அண்ணை. ஓம் எண்டு சொல்லித்தான் நாங்கள் எல்லாரும் கெட்டது,” என்றான். என் பயிற்சிமீது எனக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அன்றோடு போயிற்று.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை தேர்வு. காலையில் அவள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ரொட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். ஏறுவதற்கு முன்னால் திரும்பி, “இல்லை, மூன்று,” என்றாள். நானும் மூன்று விரலைக் காட்டினேன். பஸ் போன பிறகும் கையை இறக்காமல் நின்றிருக்கிறேன், எதிர்ப்பக்கம் காத்திருந்த கிழவர் ஒருவர் எனக்குக் கையசைத்தார்.

தொழிற்சாலையில் அன்று வேலை ஓடவில்லை. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பி ரவை வாங்கினேன். கோதுமை ரவை அங்கே தாராளமாகக் கிடைக்கிறது, அவர்கள் அதைப் பாலில் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். வெண்ணெயை உருக்கி, திராட்சை போட்டு, சர்க்கரையை அள்ளிக் கொட்டிக் கேசரி கிளறினேன். நிறத்துக்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. வெளுத்துப் போன கேசரி.

மாடியைப் பார்த்துக் கூப்பிட்டேன். லியென் இறங்கி வந்தாள். முகம் கழுவித் தலை வாரியிருந்தாள். என்னைப் பார்த்ததும் நன்றாகச் சிரித்தாள். இரண்டு வாரமாக இப்படி முகம் மலர நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவள் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தேன். தட்டு நிறையக் கேசரி வைத்து முன்னால் நகர்த்தினேன். எங்கள் ஊரில் நல்ல காரியத்துக்கு இதுதான், மிச்சம் வைக்கக் கூடாது என்றேன்.

அவள் ஸ்பூனை எடுத்துச் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறதா என்றேன். ஆமாம் சித்தப்பா. இன்னும் கொஞ்சம்? ஆமாம். இரண்டாவது தடவையும் வைத்தேன். அப்பாவுக்கு இன்றைக்கே எழுது என்றேன். அதற்கும் ஆமாம் என்றாள். தட்டை வழித்துச் சாப்பிட்டு, கழுவிக் கவிழ்த்துவிட்டு, நன்றி சொல்லி மேலே போனாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கெர்பர் அம்மாள் உள்ளே வந்தார். சட்டியைப் பார்த்தார். இது எதற்கு என்றார். சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டு, அவள் மதியமே வந்துவிட்டாள், மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அழுதாள், உனக்குச் சொல்லவில்லையா என்று கேட்டார்.

அந்தத் தட்டு இன்னும் நினைவிருக்கிறது, ஈரம் சொட்டிக்கொண்டு கவிழ்ந்திருந்த தட்டு. ஒரு பெண்ணின் உயிர் போகிற துக்கத்தில் அவள் வாயில் நான் இனிப்பைத் திணித்திருக்கிறேன். அவள் மறுக்காமல் தின்றிருக்கிறாள், சித்தப்பா கொடுத்ததாயிற்றே. வெட்கத்தில் நான் அன்று மாடிக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் அவள் அறைக் கதவு சாத்தியே இருந்தது.

சனிக்கிழமை காலை விமானத்துக்கு ரயில் பிடிக்க பேர்ன் நிலையத்துக்குப் போனேன். பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவளும் வந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நடைமேடையில் கடிகாரத்துக்குக் கீழே நின்றோம். அங்கே ரயில்கள் சொன்ன நிமிடத்துக்கு வந்து சொன்ன நிமிடத்துக்குப் போய்விடும். எங்களுக்கு இருந்தது பதினோரு நிமிடம். என்ன நடந்தது என்று கேட்டேன்.

பேராசிரியருக்கு அவளை ஞாபகம் இருந்தது. அன்பாகத்தான் பேசினார். எழுந்துபோய் அலமாரியிலிருந்து இதயம் வைத்த ஒரு தட்டைத் தானே எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். இங்கே நான்கு கிளைகள், சரிதானே என்றார். அவள் அவர் கண்ணைப் பார்த்து இல்லை, மூன்று என்றாள். அவர் இடுக்கியை அவள் கையில் கொடுத்து, தட்டை இன்னும் அருகில் தள்ளி, அவசரமில்லை, மறுபடி பார் என்றார். அவள் கண்ணை எடுக்கவில்லை. இல்லை, மூன்று என்றாள். மூன்றாம் தடவையும் கேட்டார். மூன்றாம் தடவையும் சொன்னாள். குரல் நடுங்கவே இல்லையாம்.

“அவர் எழுதும்போதுதான் குனிந்து பார்த்தேன் சித்தப்பா. நான்கு இருந்தது. நான்காவது மெல்லியது. ஆனால் இருந்தது.”

சில உடல்களில் அப்படி அமைவதுண்டாம். புத்தகத்திலும் இருக்கிறது, அவளுக்கும் தெரியும். அவள் மனப்பாடத்தை ஒப்பிக்கிறாளா, எதிரே இருப்பதைப் பார்க்கிறாளா என்று அறியத்தான் அவர் அதைத் தேடி எடுத்திருக்கிறார். பார்த்திருந்தால் போதும். குனிந்திருந்தால் போதும். தலையைக் குனியாதே என்று சொன்னவன் நான். சொன்னதை மாற்றாதே என்று மேசையைத் தட்டினவன் நான். போன வருடம் அவளை அவள் வளர்ப்பு கெடுத்தது, இந்த வருடம் நான் கெடுத்தேன். இதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் இதுதான் உண்மை. மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தீர்கள், நான்தான் சரியாகச் செய்யவில்லை என்றாள். திட்டியிருந்தால் இத்தனை வருடம் எனக்கு இவ்வளவு கனத்திருக்காது.

இனி என்ன செய்வாய் என்றேன். ஆஸ்பத்திரியில் படுக்கை மாற்றுகிற வேலை இருக்கிறதாம், சிவம் விசாரித்துச் சொல்லியிருக்கிறான். ரயில் வந்து நின்றது. அவள் கோட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். மீத்தோ விலாசம். இந்தியா எங்கள் அரசாங்கத்துக்கு நட்பு நாடு, உங்கள் ஊரிலிருந்து போட்டால் புத்தாண்டுக்குள் அப்பாவுக்குக் கிடைத்துவிடும், பிரிக்கவும் மாட்டார்கள் என்றாள். அப்பாவின் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறேன் என்றாள்.

வேறென்ன எழுதியிருக்கிறாய் என்றேன்.

“தேறிவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன்.” சிரித்தாள். “போடுவீர்கள்தானே சித்தப்பா?”

அவள் இப்போது என் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பழக்கிவிட்ட பார்வை. இல்லை அம்மா, இது வேண்டாம், ஒரு பொய்யைக் காப்பாற்ற நீ ஆண்டுதோறும் பொய் எழுத வேண்டி வரும் என்று சொல்ல எனக்கு நாக்கு இருந்தது. ஒன்பது நாள் அவளுக்கு அதைத்தானே கற்றுக்கொடுத்தேன். ரயில் கதவின் பொத்தானை நான் அமுக்க மறந்து நிற்பதைப் பார்த்து அவளே கை நீட்டி அமுக்கினாள். கதவு திறந்தது. நான் குனிந்து தலையாட்டிவிட்டுக் கடிதத்தை வாங்கிக்கொண்டேன்.

கோயமுத்தூர் வந்து நாலு நாள் அது என் சட்டைப் பையிலேயே இருந்தது. கிழித்துவிடலாம் என்று ஒரு தரம் எடுத்தேன். மீத்தோவில் ஒரு மனிதர் தன் கேள்விக்குப் பதில் வரும் என்று உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு வந்தது, திரும்ப வைத்துவிட்டேன். ஐந்தாம் நாள் பெரிய தபாலாபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் வியட்நாமுக்குக் கடிதம் வாங்கியதே இல்லையாம். பட்டியலைப் புரட்டித் தபால்தலை எவ்வளவு என்று தேடிக்கொண்டே, “அங்க உங்களுக்கு யாருங்க இருக்காங்க?” என்று கேட்டார்.

“அண்ணன் ஒருத்தர் இருக்காருங்க,” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அவர் பொண்ணு டாக்டருக்குப் படிக்குதுங்க. இப்பத்தான் பரீட்சை தேறியிருக்குது.”

“சந்தோசமுங்க,” என்று சொல்லி அவர் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.